தம்பானூர் குழாயும் புள்ளி ஆறு ஆளும்

எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். "ஒரு கிளாஸ் வெள்ளம் தா மக்கா" என்று நான் கேட்டதைக் கேட்டு ஹாஸ்டலில் சென்னைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளம் என்றால் அடையாறு கரையை உடைத்துக்கொண்டு வருவது. தம்பானூரில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. குழாயில் வருவதும் வெள்ளம், அரைமணி நேரம் மழை பெய்தால் பஸ் ஸ்டாண்டு முன்னால் முழங்கால் அளவு நிற்பதும் வெள்ளம்.

நான் வளர்ந்தது அந்தத் தம்பானூரில்தான். திருவனந்தபுரம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் இறங்குகிற இடம் அது. இறங்குவார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள். அங்கே குடியிருக்கிறவர்கள் கொஞ்சம்தான்.

இப்போது இருப்பது மெல்போர்னில். வேலை, புதிதாக வரப்போகிற குடியிருப்புகளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது. இன்றைக்கு வெறும் புல்வெளியாக, நாலு மாடு மேய்கிற இடம். இருபது வருஷத்தில் அங்கே பல்லாயிரம் வீடுகள். குழாய் எத்தனை அங்குலம், தொட்டி எவ்வளவு பெரியது என்பதெல்லாம் நான் போடுகிற ஒரு எண்ணில் தொங்குகிறது. கேட்க ஏதோ பெரிய விஞ்ஞானம் மாதிரி இருக்கும். உண்மையில் ஒரே ஒரு பெருக்கல்தான். எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை லிட்டர். இரண்டாவது எண்ணைப் பற்றி எல்லோரும் சண்டை போடுவார்கள். கவிழ்ப்பதோ முதல் எண்.

2021 சென்சஸ்படி மெல்போர்னில் ஒரு வீட்டுக்கு சராசரியாக 2.6 பேர். நம்மவர்கள் வீடு வாங்கியிருக்கும் மேற்குப் பக்கத்தில் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம் தங்கிப் போகும் அம்மா அப்பா. அவர்கள் கிளம்பினால் மாமனார் மாமியார். நவராத்திரிக்கு மேலும் இரண்டு பேர். இதில் அந்தப் புள்ளி ஆறு ஆள் யார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். (என் மனைவியைக் கேட்டால் என்னைத்தான் காட்டுவாள்.)

தண்ணீர்க் கணக்கை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது என் அப்பா. எஞ்சினியர் இல்லை, சாப்பாட்டுக் கடைக்காரர்.

1979ல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரி வரை ரயில் வந்தது. அந்த வருஷமே அப்பா தம்பானூரில் ஒரு சந்துக்குள் கடை பிடித்தார். 24 பேர் உட்காரலாம். பின்னால் ஒரு கிணறு, அதில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தண்ணீர், பாத்திரம் விளக்க மட்டும்தான் ஆகும். மற்றதெல்லாம் குழாய்த் தண்ணீர். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் நல்ல வேகத்தில் வரும். நானும் அண்ணனும் முறை வைத்து எழுந்து சிமெண்டுத் தொட்டியை நிரப்புவோம். அப்பாவின் கணக்கு, ஒரு இலைக்கு ஒரு குடம். சமைக்க, குடிக்க, கை கழுவ, பாத்திரம் கழுவ எல்லாம் சேர்த்து. குடம் என்றால் சுமார் 15 லிட்டர்.

ஒரு நாள் நான் பெரிய புத்திசாலி மாதிரி, "அப்பா, நேத்து எண்பது இலைதான் போச்சு, தொட்டி காலியாயிட்டே?" என்று கேட்டேன். அப்பா கல்லாவிலிருந்து நிமிராமலே சொன்னார், "எத்தன பேரு திங்கான்னு எண்ணாத மக்கா. எத்தன பேரு கைய கழுவுகான்னு எண்ணு."

கடை வாசலில் ஒரு தகர டிரம், அதில் ஒரு குழாய், சங்கிலி போட்ட ஒரு டம்ளர். போர்ட்டர்கள், லாட்டரி விற்பவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அது பொது. 1981ல் ஆர்.சி.சி. (ரீஜனல் கேன்சர் சென்டர்) தொடங்கிய பிறகு குமரி மாவட்டத்திலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் நிறைய வர ஆரம்பித்தார்கள். காலை வண்டியில் வந்து இறங்கி, முகம் கழுவி, பாட்டிலை நிரப்பிக்கொண்டு, "மெடிக்கல் காலேஜ் பஸ் எங்கேப்பா நிக்கும்?" என்று தமிழில் கேட்பார்கள். அவர்களில் பாதிப்பேர் எங்கள் கடையில் சாப்பிட்டதில்லை. பொட்டலம் கொண்டுவந்திருப்பார்கள்.

சரி, சரித்திரத்துக்கு வருகிறேன்.

தம்பானூர் ஒரு காலத்தில் தாழ்வான நீர்ப் பிரதேசம். மழை பெய்தால் தண்ணீர் அங்கே தேங்குவதற்கு அதுதான் காரணம். பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். 1918 ஜனவரியில் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தபோது வண்டி சாக்கையிலேயே நின்றுவிட்டது. ஊருக்கு நடுவே, தம்பானூருக்கு, அது வந்து சேர்ந்தது 1931 நவம்பரில். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு பஸ் ஓட ஆரம்பித்தது.

இரண்டுக்கும் நடுவில் வந்தது குழாய். அதுவரை ஊருக்குக் கிணறும் குளமும் ஆறும்தான். கோயில் பத்மதீர்த்தத்துக்குக் கிள்ளியாற்றுத் தண்ணீரைக் கொண்டுவர கொச்சாறு என்று ஒரு வாய்க்கால் இருந்தது. ஊர் மொத்தத்துக்கும் குழாய் என்பது சேது லக்ஷ்மி பாய் ராணி ரீஜண்டாக ஆண்ட நாட்களில் உருவாகி, 1933ல், சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் நிறைவேறியது. கரமனை ஆற்றில் அருவிக்கரையில் தண்ணீரை எடுத்து, வெள்ளையம்பலத்தில் சுத்தம் செய்து ஊருக்கு விட்டார்கள். திறந்து வைத்தவர் வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு, அதனால் வில்லிங்டன் வாட்டர் ஒர்க்ஸ். ஊர் வாயில் அது வெல்லிங்டன் ஆகிவிட்டது. வாட்டர்லூவில் சண்டை போட்டவருக்கு வாட்டர் ஒர்க்ஸ் பொருத்தம்தான் என்று ஜனங்கள் முடிவு செய்திருக்கலாம்.

அப்போது ஊரின் ஜனத்தொகை எவ்வளவு தெரியுமா? 1931 சென்சஸில் ஒரு லட்சம்கூட இல்லை, 96 ஆயிரம் சொச்சம். 1951ல் 1.87 லட்சம். 1961ல் 2.4 லட்சம். முப்பது வருஷத்தில் இரண்டரை மடங்கு. குழாய் போட்டவர்கள் கணக்கில் ரயிலும் பஸ்ஸும் அப்போதுதான் ஊருக்குள் கால் வைத்திருந்தன.

இப்படி முன்கூட்டிப் போட்ட கணக்கு எப்படித் தவறும் என்பதற்குச் சென்னைக் கதையைத்தான் எப்போதும் சொல்வேன். ஆபீஸில் வெள்ளைக்காரப் பையன்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

சென்னையில் 1772ல் கேப்டன் பேக்கர் என்பவர் ஏழு கிணறு திட்டம் போட்டார். அது முக்கியமாகக் கோட்டைக்கு. ஊருக்கு என்று ஏரித் தண்ணீர் வந்தது ஃபிரேசரின் திட்டத்தில், 1872ல், செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் திறந்த வாய்க்கால் வழியாக, வடிகட்டாமல். அதில் ஓணான் முதல் எல்லாம் வந்திருக்கும். பிறகு மேட்லி என்ற எஞ்சினியர் மூடிய கால்வாய், மணல் வடிகட்டி, நீராவிப் பம்பு எல்லாம் அமைத்து, 1914ல் கீழ்ப்பாக்கம் நிலையம் ஓட ஆரம்பித்தது. தி.நகர் மேட்லி ரோடு அவர் பெயரில்தான். ஜவுளி வாங்கப் போகிறவர்கள் யாராவது நின்று நினைத்திருப்பார்களா!

அந்தத் திட்டம் 1961ல் சென்னையில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு 115 லிட்டர் என்று கணக்குப் போட்டது. 1961 வந்தபோது ஊரில் இருந்தவர்கள் 17.29 லட்சம். கேட்டவுடன், "என்ன முட்டாள்தனம்!" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு பழைய சென்சஸ் எண்களை எடுத்துப் பார்த்தேன். 1901ல் சென்னையில் 5,09,346 பேர். 1911ல் 5,18,660. பத்து வருஷத்தில் கூடியது வெறும் ஒன்பதாயிரம் சொச்சம்! அந்த எண்களை முன்னால் வைத்துக்கொண்டு 6.6 லட்சம் என்று போட்டது உண்மையில் தாராளம். 1921ல் மேலும் எட்டாயிரம்தான் கூடியது. அப்போது யாராவது கணக்கைச் சரிபார்த்திருந்தால், "இவ்வளவு பெரிய குழாயைப் போட்டுக் காசைக் கரியாக்கிவிட்டார்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1931ல் 6.47 லட்சம். 1941ல் 7.77 லட்சம், கோடு தாண்டியாகிவிட்டது. அப்புறம் யுத்தம், அரிசித் தட்டுப்பாடு, கிராமத்திலிருந்து வண்டி வண்டியாக ஜனங்கள், நகரத்தின் எல்லையும் விரிந்தது. 1951ல் 14 லட்சத்துக்கு மேல்.

115ஐ 6.6 லட்சத்தால் பெருக்கினால் நாளைக்கு 7.6 கோடி லிட்டர். அதையே 17.29 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 44 லிட்டர். நல்லவேளை, நடுவில் பூண்டி வந்தது. சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது முனைந்து தொடங்கிய வேலை, 1944ல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

நான் மேட்லியைக் குறை சொல்ல மாட்டேன். நேற்றைய ஊரை வைத்து நாளைய ஊரை வரைந்தார், நானும் அதைத்தான் செய்கிறேன். என்ன வித்தியாசம் என்றால் என்னிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதனால் தவறைப் பல வண்ணங்களில் செய்யலாம்.

இந்தியாவில் தண்ணீர்க் கணக்குக்கு வேதப் புத்தகம் சி.பி.எச்.இ.இ.ஓ. கையேடு. 1999 பதிப்பு என்னிடம் இன்னும் இருக்கிறது, மூட்டையோடு மூட்டையாகக் கடல் கடந்து வந்தது. பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு 135 லிட்டர், பெருநகரத்துக்கு 150, தெருக்குழாயில் பிடிப்பவர்களுக்கு 40. அதாவது தெருக்குழாய்க்கு வந்து நின்றால் நமக்குக் குறைவாகத்தான் தாகம் எடுக்கும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு அட்டவணை, என் வாழ்க்கையில் நான் ரசித்துப் படித்த சில பக்கங்களில் ஒன்று. லாட்ஜுக்குப் படுக்கைக்கு 180 லிட்டர். நூறு படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிக்குப் படுக்கைக்கு 450. பகல் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் தலைக்கு 45. சினிமா தியேட்டருக்குச் சீட்டுக்கு 15. மெயில், எக்ஸ்பிரஸ் நிற்கும் ரயில் நிலையத்துக்கு 70, கடைசி நிலையத்துக்கு 45. ஓட்டலுக்கு நாற்காலிக்கு 70.

இதைப் படித்தபோது எனக்குக் கண்முன் வந்தது தம்பானூர் மட்டும்தான். மற்ற இடங்களில் இந்த அட்டவணை பின்னிணைப்பு மாதிரி. தம்பானூரில் இதுதான் முழுக் கணக்கு. ஸ்ரீகுமார் தியேட்டர், நியூ தியேட்டர், வரிசையாக லாட்ஜுகள், லாரி பேக்கர் கட்டிய சுருள் வடிவ இந்தியன் காபி ஹவுஸ். (அந்தச் சரிவில் ஏறிக்கொண்டே நாற்காலிகளை எண்ணி 70ஆல் பெருக்கிப் பாருங்கள், காபி வருவதற்குள் முடிந்துவிடும்.) ராத்திரி படுத்துத் தூங்குகிற ஜனத்தொகையை வைத்துத் தம்பானூருக்குக் குழாய் போட்டால், காலை ஆறு மணிக்கு முதல் வண்டி வந்தவுடன் கணக்கு உடைந்துவிடும்.

எங்கள் கடைக்கும் போட்டுப் பார்த்தேன். கையேட்டின்படி 24 நாற்காலி, 70 லிட்டர், மொத்தம் 1,680. அப்பா கணக்கு என்ன? சாதாரண நாளில் நாற்காலிக்கு ஐந்து பேர், 120 இலை, 120 குடம், 1,800 லிட்டர். டெல்லியில் நிபுணர்கள் கூடி எழுதியதற்கும் தம்பானூர் சந்தில் ஆறாம் கிளாஸ் படித்தவர் சொன்னதற்கும் வித்தியாசம் 120 லிட்டர். அந்த 120 லிட்டர் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். வாசலில் இருந்த தகர டிரம்முக்கு.

வருஷத்தில் ஒரு நாள் எந்தக் கையேடும் உதவாது. ஆற்றுகால் பொங்கல். 2009ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் ஏறியது. கோயிலில் ஆரம்பித்துக் கிழக்கேகோட்டை, தம்பானூர் என்று ரோடு முழுக்க மூன்று செங்கல், ஒரு பானை. ஊரின் ஜனத்தொகையைப் போல மூன்று மடங்கு ஆட்கள் காலையில் வந்து சாயங்காலம் போய்விடுவார்கள். பெரிய ஊருக்கு உச்ச நேரத் தேவை சராசரியைப் போல இரண்டு மடங்கு என்று நாங்கள் வைத்துக்கொள்வோம். பொங்கல் நாளுக்கு அந்த இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய! தற்காலிகக் குழாய், டேங்கர், பிறகு வீட்டுக்காரர்கள் வாசலில் வைக்கிற வாளி. எங்கள் கடைக்கு அன்றைக்கு லீவு, ஆனால் தொட்டியை முந்தின ராத்திரி விளிம்பு வரை நிரப்பியாக வேண்டும்.

இன்னொரு விஷயம். கொடுக்கிற தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும் என்பதும் எங்கள் தொழிலின் பாலபாடம். தம்பானூரில் ரயில் பாதைக்கு அடியில் ஆமையிழஞ்சான் தோடு போகிறது. கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலுக்குப் போய்ச் சேர வேண்டிய வாய்க்கால். ஊர் பெருகப் பெருக, குடிக்கிற தண்ணீருக்குத் திட்டம் மேல் திட்டம் வந்தது, 1983ல் பேப்பாறை அணை வந்தது. இந்த வாய்க்காலின் அகலத்தை யாரும் 80 சதவீதத்தால் பெருக்கவில்லை. 2015ல் ஆபரேஷன் அனந்தா என்று தூர் வாரி ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். 2024 ஜூலையில் அதே வாய்க்காலில், ரயில் நிலையத்துக்கு அடியில், குப்பை அள்ள இறங்கிய ஒரு தொழிலாளியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் காலை உடல் கிடைத்தது. இங்கே உட்கார்ந்து போனில் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் இறங்கித் தேடிய இடத்துக்கு மேலே நின்று நான் எத்தனையோ தரம் நாகர்கோவில் வண்டிக்குக் காத்திருக்கிறேன்.

அதே வருஷம் செப்டம்பரில் இன்னொன்று. நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டையாக்குவதற்காக, பாதைக்கு அடியில் போகும் பெரிய குடிநீர்க் குழாய்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாள் என்றார்கள், நாலைந்து நாள் ஆகிவிட்டது. 44 வார்டுகளில் தண்ணீர் இல்லை, 9ஆம் தேதி பள்ளிக்கூடங்களுக்கு லீவு. கரமனையில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன். "நாங்க குளிக்கதுக்கு நாகர்கோவில் போறோம்டே, அத்தான் டிக்கெட் எடுத்தாச்சு" என்றாள். ரயிலுக்காகத் தண்ணீர் நின்றது, தண்ணீருக்காக ரயில் ஏறினார்கள்.

எப்போதும் குறைத்தே கணக்குப் போடுகிறோம் என்று நினைக்க வேண்டாம். இங்கே உல்டாவும் நடந்திருக்கிறது. மில்லேனியம் வறட்சியில் 2009ல் மெல்போர்ன் அணைகளில் கால் பங்கு தண்ணீர்தான் இருந்தது. பழைய ஆட்களுக்கு 'டார்கெட் 155' ஞாபகம் இருக்கும், 2008 டிசம்பரில் ஆரம்பித்தது, ஆளுக்கு நாளைக்கு 155 லிட்டருக்குள் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஜனங்களும் ஷவருக்குள் மணல் கடிகாரம் வைத்துக்கொண்டு குளித்தார்கள். அந்தப் பயத்தில் வொந்தாகியில் வருஷத்துக்கு 15,000 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் கட்டினார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. 2012 டிசம்பரில் வேலை முடிந்த ஆலையிலிருந்து முதல் தண்ணீர் கேட்டு வாங்கியது 2017ல். அதுவரை சும்மா நின்றதற்கும் நம் பில்லில் பங்கு உண்டு. குறைத்துப் போட்டால் யாரோ ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தொட்டி நிரப்ப வேண்டும். கூட்டிப் போட்டால் எல்லோரும் பில் கட்ட வேண்டும். நான் முதல் வகையில் வளர்ந்தவன், அதனால் என் கை கொஞ்சம் கூட்டிப் போடும். அது எனக்கே தெரியும்.

போன வருஷம் அம்மா வந்து பதினோரு மாதம் எங்களோடு இருந்தாள். எங்கள் தெருவில் ஊதா நிறக் குழாயும் உண்டு, சுத்திகரித்த கழிவுநீர், கக்கூசுக்கும் தோட்டத்துக்கும். அம்மாவுக்கு அது பெரிய அதிசயம். ஆனாலும் அரிசி களைந்த தண்ணீரை வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் ஊற்றுவாள். ஷவரில் சூடாகும் வரை ஓடுகிற தண்ணீருக்கும் ஒரு வாளி. பில் வந்தபோது பார்த்தேன், ஒரு ஆள் கூடியும் தண்ணீர் கூடவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்திருந்தது! எத்தனை பேர் என்ற கணக்கில் அம்மா இல்லை, எத்தனை லிட்டர் என்ற கணக்கிலும் அம்மா பொருந்தவில்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அவளை ஊரில் கொண்டுபோய் விட்டபோது தம்பானூரில் ஒரு மணி நேரம் சுற்றினேன். கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரிப்பேர். சந்து முனையில் ஒரு தெருக்குழாய் இருக்கும், அதுவும் இல்லை, கீழே இருந்த சிமெண்டு மேடை மட்டும் இருந்தது. அதில் உட்கார்ந்து ஒரு பெரியவர் பாட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எக்ஸ்ரே கவர். எந்த ஊர் என்று கேட்டேன். வள்ளியூர் என்றார்.

இப்போது மேஜையில் இருக்கும் அட்டவணையில் மேற்குப் பக்கத்துப் புதுக் குடியிருப்புக்கு, வீட்டுக்கு 3.4 பேர் என்று போட்டிருக்கிறேன். மேலதிகாரி பென்சிலால் சுழித்து, "எங்கிருந்து வந்தது இந்த எண்?" என்று எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. நம்மவர்கள் வீடுகள் இருபதில் போன வாரம் போய் ஆளை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன், விருந்தாளிகள் உட்பட. (இருபது வீட்டிலும் காபி கொடுத்தார்கள்.) திங்கட்கிழமை மீட்டிங். அந்தத் தாளோடு போகிறேன்.